முதல் காயம்

முள்ளிக்கரையில் காயங்களைப் பங்கு வைத்த அன்று நடந்த தகராறு, பிடாரி கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் விபூதி என்று வருஷா வருஷம் நடக்கும் தகராறுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. விபூதிக்காவது ஒரு மணம் உண்டு. காயத்தில் என்ன இருக்கிறது? ஆனாலும் ஊருக்கு ஏழு காயம் வந்திருக்கிறது, அதில் ஒன்று முதல் காயம் என்று காதில் விழுந்த பிறகு முள்ளிக்கரைக்காரர்களால் சும்மா இருக்க முடியவில்லை.

சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறு வருஷம், பங்குனி மாதம். பட்டாளத்தில் மீட்புப் படை என்று ஒன்று உண்டு. விமானம் விழுந்தோ, குண்டு பட்டோ, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட சிப்பாய்களைத் தேடிப் போய், கிடந்த இடத்திலேயே வைத்தியம் பார்த்து, தூக்கிக்கொண்டு வருவது அதன் வேலை. அப்படி ஒரு படை எங்கள் பக்கம் ஒத்திகை பார்க்க வந்தது. மீமிசலுக்குத் தெற்கே கடலோர உடைமரக் காட்டில் ஒரு விமானம் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வது. அதில் வந்த ஏழு பேரும் அங்கங்கே சிதறிக் கிடப்பதாக வைத்துக்கொள்வது. படை வந்து தேடிக் கண்டுபிடித்து, கட்டுப்போட்டு, உப்பங்கழியைத் தாண்டி ரோட்டில் நிற்கும் வேனில் ஏற்றி, ஆவுடையார்கோவில் மைதானத்து ஆபரேஷன் கூடாரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கூடாரம் மட்டும் அப்படிச் சும்மா வைத்துக்கொண்டதல்ல. அங்கே நிஜ டாக்டர், நிஜக் கத்தி, நிஜ ரத்த பாட்டில் எல்லாம் காலையிலிருந்தே காத்துக்கொண்டிருக்கும்.

சிப்பாய்களையே காயக்காரர்களாகப் படுக்க வைத்தால் அவர்கள் ஒழுங்காகப் படுத்துவிடுகிறார்களாம். பயிற்சி இல்லாத ஜனங்கள் படுத்தால்தான் நிஜம்போல இருக்குமாம். அதற்காக ஏழு ஆள் கேட்டு, முதல் நாள் சாயங்காலம் ஹவில்தார் பழனிச்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். திருமயம் பக்கத்து ஆள். வந்திருந்த படையில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கையில் ஏழு அட்டைகள் வைத்திருந்தார். ஒன்று சிவப்பு, ஐந்து பச்சை, ஒன்று கறுப்பு. அட்டையில் என்ன காயம் என்று இங்கிலீஷில் எழுதி, கட்டிக்கொள்ளக் கயிறும் கோத்திருந்தது.

ஊருக்குப் பெரியவர் பெரியகருப்பன் அம்பலம். ஊரில் எந்தக் காரியம் நடந்தாலும் முதல் தேங்காய் அவர் கைக்குப் போய்விட்டுத்தான் மற்றவர் கைக்கு வரும். அவர் மீசையை நீவிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, இதுல எந்தக் காயத்தை மொதல்ல தூக்குவாங்க?"

"செவப்புங்க. வயித்துக் காயம். கொஞ்சம் தாமதிச்சாலும் உசுரு போயிரும். அதனால அவருக்குத்தான் மொத ஸ்ட்ரெச்சர், மொத வேன், மொத ஆபரேஷன் எல்லாம்."

"அப்ப அது நம்மளுது."

ஊர் வரிசையில் இரண்டாம் வீட்டு நாகராசு, தன் அப்பா காலத்தில் முதல் விபூதி தங்கள் வீட்டுக்குத்தான் இருந்தது என்று பழைய கதையை எடுத்தார். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. ஹவில்தார் இடையில் புகுந்து, பச்சையிலேயே பெரிய காயமான முன்னங்கை எலும்பு முறிவை நாகராசுவுக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தார். மற்ற நான்கு பச்சையும் வீட்டு வரிசைப்படி போயின. மிஞ்சியது கறுப்பு.

"இது என்ன காயம்?"

"காயமில்லீங்க. ஆளு செத்துட்டாருன்னு அர்த்தம்."

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. நல்ல நாளும் அதுவுமாகச் செத்தவன் அட்டையைக் காலில் கட்டிக்கொள்ள யாருக்குத் தலையெழுத்து? அம்பலம் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் ராக்கன் நின்றிருந்தான். சொந்தமாக நாலு ஆடு மேய்த்துக்கொண்டு, கூரைக்குப் பனையோலை வெட்டிப் பிழைக்கிறவன்.

"ராக்கனுக்குக் கட்டு. அவனுக்கென்ன."

அவனுக்கென்ன என்று அம்பலம் கேட்டாரே தவிர, அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வீட்டில் பெண்டாட்டி மூக்காயிக்குப் பத்து மாதம் முடிந்து மூன்று நாளாகிறது என்று ராக்கன் சொல்லியிருப்பான்.

அவனுக்குப் பயம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தபோது, ராக்கன் ஓடிப்போய் அம்பலத்தின் கூண்டு வண்டியைக் கேட்டான். வண்டி சாமி ஊர்வலத்துக்குப் பூக் கட்டி நிற்கிறது, சாமி இறங்கட்டும் என்றார் அம்பலம். சாமி சாவகாசமாக இறங்கியது. வண்டி கழியில் இறங்கும்போது கடல் தண்ணீர் ஏறியிருந்தது. அக்கரை போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. மூக்காயி பிழைத்ததே மறுபிறப்பு. இந்தத் தடவை வலி கண்டதும் எப்படியாவது ரோட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் ராக்கனுக்கு இரவும் பகலும் நினைப்பு.

அட்டையோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து மூக்காயி சிரித்தாள்.

"நாளைக்கு எனக்கு வலி கண்டா, செத்தவரு எந்திரிச்சு வருவீங்களா?"

"மத்தியானத்துக்குள்ள விட்டுருவாங்களாம். காடு இங்கனதானே கெடக்கு, கூப்பிட்டா கேக்கும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ஏழு பேரையும் காட்டில் கிடத்திவிட்டார்கள். அம்பலம் ஓர் உடைமரத்து நிழலில், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தின் மேல் சிவப்பு அட்டையைக் கையில் கட்டிக்கொண்டு படுத்தார். விமானத்திலிருந்து விழுந்தவருக்கு ஜமுக்காளம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. ராக்கன் கால் கட்டைவிரலில் கறுப்பு அட்டையோடு வெறும் மணலில் கிடந்தான்.

எட்டு மணிக்கு நிஜ விமானம் ஒன்று வந்தது. அதிலிருந்து நான்கு பேர் குடை விரித்துக் குதித்தார்கள். மூன்று பேர் மணலில் இறங்கினார்கள். நான்காவது ஆளைக் கடல்காற்று இழுத்துக்கொண்டுபோய் ஒற்றைப் பனையின் உச்சியில் மாட்டிவிட்டது. குடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவில் ரம்பப் பல் வைத்த கருக்குமட்டை. கீழே நின்ற படைவீரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மலை, ஆறு, பனிக்கட்டி எல்லாவற்றிலிருந்தும் ஆளை மீட்கப் படித்திருந்தார்கள். பனைமரம் பாடத்தில் இல்லை.

செத்துக் கிடந்த ராக்கனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், அட்டை காலில் ஆட ஆட மரத்தில் ஏறி, இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் கயிறுகளை அறுத்து, அந்த ஆளைத் தோளில் தாங்கி மெல்ல இறக்கினான். இறங்கின பிறகுதான் முகத்தைப் பார்த்தான். ஹவில்தார் பழனிச்சாமி. கை கால் எல்லாம் கருக்கு கிழித்திருந்தது.

"தம்பி, இத மறக்க மாட்டேன்" என்றார் ஹவில்தார்.

அதற்குள் வெள்ளைப் பட்டையைக் கையில் கட்டிய மேஜர் வந்துவிட்டார். ஒத்திகைக்கு அவர்தான் நடுவர். எது சரி, எது தப்பு என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்வது அவர் வேலை. ராக்கனின் காலைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். ஹவில்தார் சங்கடத்தோடு மொழிபெயர்த்தார்.

"செத்தவன் மரம் ஏறக் கூடாதாம். போய்ப் படுத்துக்கணுமாம்."

ஹவில்தாரைப் பனையிலிருந்து இறக்கியது மேஜரின் குறிப்பில் ஏறவில்லை. பனையில் மாட்டுவது திட்டத்தில் இல்லை. திட்டத்தில் இல்லாத ஆபத்திலிருந்து ஒருவனை எப்படி மீட்க முடியும்?

பிறகு படை வேலையை ஆரம்பித்தது. வேலையில் குறையே சொல்ல முடியாது. அம்பலத்தைக் கண்டுபிடித்து வயிற்றைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கட்டினார்கள். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம், அட்டையிலேயே எழுதியிருந்தது. அம்பலம் தாகம் என்றார். ஹவில்தார் அட்டையைக் காட்டினார். நுங்காவது கொடு என்றார். அதற்கும் அட்டைதான். பதினோரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வரும், அதுவரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கும் செத்தவனுக்கும் அப்படி எந்தத் தடையும் கிடையாது. கொஞ்ச தூரத்தில் பட்டாளத்துச் சமையல்காரன் ஆட்டுக்கறி கொதிக்க வைத்திருந்தான். காற்று அந்த வாசனையை நேராக முதல் காயத்தின் மூக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பத்து மணி இருக்கும். மருத்துவச்சி முத்துமாரியம்மாள் தலைமுடி அவிழ, மணலில் கால் புதைய ஓடிவந்தாள்.

"ராக்கா, விடியவே வலி கண்டுருச்சு. ஒன்னய அலையவிட வேணாம்னு மூக்காயி வாய மூடிக்கிட்டுக் கெடந்திருக்கு. இப்பப் பாத்தா புள்ளயோட கை வெளியில வந்துருச்சுய்யா. போன தடவ மாதிரியேதான். என்னால ஆகாது. அறுத்துத்தான் எடுக்கணும்."

ராக்கன் எழுந்து மேஜரும் கேப்டனும் நின்ற இடத்துக்கு ஓடினான். படையை நடத்தி வந்த கேப்டன் வடக்கத்தி ஆள், சின்ன வயசு. ராக்கன் கும்பிட்டபடி சொன்னதையெல்லாம் ஹவில்தார் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தார். கூடாரத்தில் டாக்டர் இருக்கிறார், ரோட்டில் வேன் இருக்கிறது, பத்து நிமிஷ தூரத்தில் பொம்பளை உயிருக்குப் போராடுகிறாள். இதில் புரியாதது ஒன்றுமில்லை.

கேப்டன் முகம் வாடியது. அவர் மேஜரைப் பார்த்தார். மேஜர் காகிதத்தைப் பார்த்தார்.

"அந்த அம்மா விமானத்துல இருந்தாங்களான்னு கேக்குறாரு" என்றார் ஹவில்தார்.

"எந்த விமானம்யா?"

"விழுந்த விமானம்."

"எந்த விமானமும் விழுகலையே."

ஹவில்தார் இதை மொழிபெயர்க்கவில்லை. மேஜர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். விழுந்த விமானத்தில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். வேன் அந்த ஏழு பேருக்குத்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒத்திகை முடியும். அதற்கப்புறம் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். அப்புறம், செத்தவன் இப்படி எழுந்து வருவது இன்றைக்கு இரண்டாவது தடவை; இனி நடக்கக் கூடாது.

ஓர் ஊசிமுனைக் காயம்கூட இல்லாத ஏழு பேருக்காக இத்தனை ஆளும் மருந்தும் வண்டியும் காத்துக்கொண்டிருக்கின்றன. சாகக் கிடக்கிறவளுக்கு அதில் இடமில்லை. ராக்கனுக்கு அழுகை வரவில்லை. இந்த மனுஷர்களை என்ன செய்தால் தகும் என்று ஆத்திரம்தான் வந்தது. ஹவில்தார் அவன் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போனார்.

"கோவிச்சுக்கிராத தம்பி. நாங்க ஆளத் தூக்குறதில்ல. அட்டையத்தான் தூக்குவோம். எங்களுக்கு அப்படித்தான் உத்தரவு."

சொல்லிவிட்டு அவன் கண்ணை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய்விட்டார். ராக்கனுக்கு விளங்க அரை நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் உடைமரத்தைப் பார்த்து ஓடினான்.

அம்பலம் நாக்கு வறண்டு, கட்டுக்குள் வேர்த்து, உலகத்தின் மேலேயே கோபமாகக் கிடந்தார். ராக்கன் அவர் பக்கத்தில் முழங்காலிட்டான்.

"ஐயா, அந்தச் செவப்பு அட்டைய எனக்குக் குடுங்க."

"என்னடா ஒளறுறே?"

ராக்கன் சொன்னான். அம்பலம் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, மீசையை நீவப் போன கையைப் பாதியில் நிறுத்தினார்.

"ஊரு பாக்க வாங்கின மொதக் காயத்த விட்டுக் குடுக்கச் சொல்றியாக்கும். நாகராசு சிரிக்க மாட்டானா?"

"போன தடவ ஒங்க வண்டியக் கேட்டேங்க. சாமி எறங்கட்டும்னீங்க. நின்னேன். ஒரு வார்த்த பேசலை. இன்ன வரைக்கும் பேசுனதில்ல. இப்ப வண்டி கேக்கலீங்க. ஒரு அட்டைதான் கேக்குறேன்."

இரண்டு வருஷமாக ராக்கன் ஒன்றும் கேட்காமல் இருந்ததே அம்பலத்துக்கு உள்ளூர உறுத்திக்கொண்டிருந்தது. அவன் எதிரே வந்தால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். இப்போது படுத்திருந்ததால் வானத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நடுவில் ராக்கனின் முகம் இருந்தது. கறிக்குழம்பு வாசனை இன்னொரு தடவை வந்து போனது.

"அந்தக் கறுப்பு அட்டைக்குச் சாப்பாடு உண்டாடா?"

"உண்டுங்க. என் பங்கு அப்படியே இருக்கு."

"கறியா?"

"கறிதாங்க."

"சரி, கழட்டு. சீக்கிரம் கழட்டித் தொலை. இந்தக் கட்டையும் அவுத்து விடு."

அவர் மனசு இளகியது பிள்ளைக்காகவா, கறிக்காகவா என்று ஊரில் இன்னும் பேச்சு உண்டு. இரண்டிலும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வதே மரியாதை. கறுப்பு அட்டையை ராக்கன் தன் காலிலிருந்து அவிழ்த்து அவர் கட்டைவிரலில் கட்டியபோது, அம்பலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரிய வேணாம். தாலியத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடிருவா."

பிறகு நடந்தது எந்தக் குறிப்பிலும் இல்லை. அம்பலம் படுத்தபடியே ஒரு சத்தம் கொடுத்தார். பச்சை அட்டைக்காரர்கள் எழுந்தார்கள். முன்னங்கை எலும்பு முறிந்த நாகராசுவும், உள்ளங்கை வெந்தவரும், கணுக்கால் சுளுக்கினவரும், ஒரு கண்ணில் கட்டுப் போட்டவரும், நெற்றி கிழிந்தவரும் ஓட்டமாக ஓடி, மூக்காயியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு உடைமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்பலம் மணலுக்கு நகர்ந்து இடம் விட, அவர் ஜமுக்காளத்தில் அவளைப் படுக்க வைத்தார்கள். ராக்கன் அவள் கையில் சிவப்பு அட்டையைக் கட்டினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

பதினோரு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. ஹவில்தார் குனிந்து அட்டையைப் படித்தார். கருக்கு கிழித்த கையால் ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி உரக்க ஒப்பித்தார். முதலாம் எண். சிவப்பு. வயிற்றில் பலத்த காயம். உடனே ஆபரேஷன்.

மேஜர் வந்து சரிபார்த்தார். எண் சரி. நிறம் சரி. முடிச்சும் சரி. ஆணா பெண்ணா என்று எழுத அட்டையில் இடமே இல்லை. பட்டாளத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை. அந்த நேரம் மூக்காயி வலி தாங்காமல் ஒரு முனகல் முனகினாள். மேஜர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்காமலே திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். இன்றைக்கு இந்த ஒருவர்தான் ஒழுங்காக நடிக்கிறார் என்று அவர் சொன்னதாக ஹவில்தார் பின்னால் சொன்னார்.

கேப்டன் மட்டும் அட்டையைப் பார்க்கவில்லை. மூக்காயியின் முகத்தைப் பார்த்தார். ஜமுக்காளத்தைப் பார்த்தார். அப்புறம் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தூக்குங்கள் என்று இந்தியில் ஒரே வார்த்தை சொன்னார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் ராக்கன் இன்று வரை நினைக்கிறான்.

கழியில் இறங்கியதும் பூட்ஸ் போட்ட கால்கள் முழங்கால் வரை சேற்றில் இறங்கின. முன்னால் பிடித்த சிப்பாய் தடுமாறினான். ஸ்ட்ரெச்சர் சாய்ந்தது. போன தடவை வண்டிச் சக்கரம் சிக்கியதும் இதே இடத்தில்தான். ராக்கன் பாய்ந்து அந்தக் கைப்பிடியை வாங்கிக்கொண்டான். வருஷக்கணக்காக ஆடு ஓட்டிப் பழகிய கால். எங்கே மணல், எங்கே சேறு என்று அதற்குத் தெரியும். பூட்ஸைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினான். மூன்று சிப்பாய்களும் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தார்கள். ஆளை மீட்கிற படையை மறுபடி ஒருவன் மீட்டதையும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ரோட்டில் வேன் நின்றது. மூக்காயியை ஏற்றினார்கள். ராக்கன் படியில் கால் வைத்தான். டிரைவர் அவன் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். அட்டை இல்லை. கதவு சாத்திக்கொண்டது.

மத்தியான பஸ்ஸைப் பிடித்து அவன் ஆவுடையார்கோவில் போய் இறங்கும்போது இரண்டு மணி. பச்சைக் கூடாரத்தின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். அவனுக்கும் ராக்கனுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. அட்டை எங்கே என்று சைகை காட்டினான். ராக்கன் வெறும் கையை விரித்தான். சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

எதிரே இருந்த புளியமரத்தடியில் ராக்கன் உட்கார்ந்தான். கூடாரத்துக்குள்ளிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. போன தடவையும் இப்படித்தான் கடைசியில் சத்தம் ஒன்றும் வரவில்லை. அவன் சாமியைக் கூப்பிடவில்லை. சாமி இறங்குவதற்குள் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இப்போது அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

மூன்று மணிக்குப் பட்டாளத்து லாரி ஒன்று வந்து நின்றது. பச்சைகள் எல்லாம் முன்னாலேயே வந்துவிட்டன. இதில் வந்தது கடைசி அட்டை. அம்பலம் மணல் ஒட்டின வேட்டியோடு, வயிறு நிறைந்து, காலில் கறுப்பு அட்டையோடு இறங்கினார். மரத்தடியில் ராக்கனைப் பார்த்ததும் நின்றார்.

"ஏண்டா இங்கிட்டு உக்காந்திருக்கே? உள்ள என்ன ஆச்சு?"

"தெரியலீங்க. அட்டை இல்லாட்டி விட மாட்டாங்களாம்."

அம்பலம் வாசலுக்குப் போய்ச் சிப்பாயிடம் தமக்குத் தெரிந்த எல்லாக் குரலிலும் பேசினார். ஊர்ப் பெரியவர் குரல், பஞ்சாயத்துக் குரல், கடைசியாகக் கெஞ்சும் குரல். அந்தக் கடைசிக் குரல் அவரிடம் இருந்தது ராக்கனுக்கே அன்றுதான் தெரியும். சிப்பாய் அவர் கால் அட்டையைப் பார்த்துவிட்டு, செத்தவர்களுக்கு வழி பின்பக்கம் என்று கையைக் காட்டினான். முள்ளிக்கரையில் முப்பது வருஷமாக முன்வாசல் தவிர வேறு வாசல் அறியாதவர் அம்பலம். ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, தொப்பை இடிக்கக் குனிந்து, தம் கட்டைவிரல் முடிச்சைத் தாமே அவிழ்த்தார்.

"காலை நீட்டு."

"ஐயா, நீங்க போயி..."

"நீட்டுடா."

அம்பலம் ராக்கனின் காலைத் தொட்டு அட்டையைக் கட்டினார். வந்து போகிற சனம் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

பின்பக்கத் துணியை விலக்கிக்கொண்டு ராக்கன் உள்ளே போனான். செத்தவர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் ஹவில்தார் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். மடியில் பட்டாளத்துப் போர்வைச் சுருட்டு ஒன்று இருந்தது. அது அசைந்தது.

"பொம்பளப் புள்ள தம்பி. ஆத்தாளும் பிழைச்சுருச்சு. டாக்டரு பாத்த ஒடனே அட்டையில எழுதினது சரிதான்னாரு. வேற ஒரு வார்த்த கேக்கலை, கத்திய எடுத்துட்டாரு."

ராக்கன் பெஞ்சுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். போர்வையை விலக்கிப் பார்த்தான். வேர்க்கடலைத் தோல் நிறத்தில் சுருங்கின ஒரு முகம். வெளியே வந்து பயமுறுத்தின அந்தக் கை, கொஞ்சம் வீங்கி, நீலம் பாய்ந்து, ஆனால் விரலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தது. கால் கணுவில் பச்சை அட்டை ஒன்று கட்டியிருந்தது.

"இது என்னங்க?"

"அட்டை இல்லாம கூடாரத்துக்குள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு மேஜர் சொல்லிட்டாரு. கூடாரத்துல எழுதி வச்சிருந்ததுல மிச்சம் இருந்தது இதுதான். ‘காயம் லேசு, தானே நடந்து போகலாம்’னு போட்டிருக்கு."

துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேஜரின் குரல் கேட்டது. ஹவில்தார் காதோடு காதாக மொழிபெயர்த்தார். ஏழு பேர் கிளம்பினார்கள், வந்து சேர்ந்தவர்கள் எட்டு என்று கணக்கு வருகிறதாம். கேப்டன் அடக்கமாகப் பதில் சொன்னார். விமானத்தில் எட்டாவதாக யாரோ ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்றாராம். மேஜர் யோசித்துவிட்டு, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

தடுப்பை விலக்கி ஹவில்தார் வழி விட்டார். மூக்காயி மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தாள். சிவப்பு அட்டை இன்னும் கையில் இருந்தது. ராக்கன் பிள்ளையை அவள் பக்கத்தில் வைத்தான். அவள் பிள்ளையைத் தடவினாள். பிறகு கண் மெல்ல இறங்கி அவன் காலில் நின்றது.

"என்னங்க, நீங்க இன்னும் செத்தவருதானா?"

"ஆமா" என்றான் ராக்கன். "செத்தாத்தான் உள்ள விடுறாங்க."